மதிலும் மரமும்

வீடு கட்டத் தொடங்குவோர் அறைகளைப் பற்றிப் பல நாள் எண்ணுவர். வாயிலைப் பற்றிப் பலரைக் கேட்பர். ஆனால், வீட்டின் எல்லையில் நிற்க வேண்டிய வேலியைப் பற்றி ஒரு நாழிகையேனும் எண்ணுவோர் சிலரே. கையில் எஞ்சிய பொருளுக்கு ஏற்பச் செங்கல்லையோ சிமெண்டுப் பலகையையோ அடுக்கி, அத்துடன் வேலை முடிந்தது என்று அமைதி அடைவர். வேலி நம்மைக் காப்பது மட்டும் அன்று. வாயிலில் நின்று நாம் நாள்தோறும் காண்பதும் அதுவே. நம்மை அயலார் காண்பதும் அதன் வழியாகவே. ஆதலின், எல்லையில் எதனை நிறுத்துவது என்பது சிறிய வினா அன்று. மதிலா, மரமா? மரம் எனின், எம்மரம்? மரமே வேண்டும், அதுவும் இம்மண்ணுக்கு உரிய மரமே வேண்டும் என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஓசூர் நகரை முன்னிறுத்திக் கூற விரும்புகின்றேன்.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஓசூர். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு இந்நகரின் அருகேதான் தமிழ்நாட்டிற்குள் புகுகின்றது. மூதறிஞர் இராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த தொரப்பள்ளி இதற்கு அண்மையில் உள்ளது. கேழ்வரகும் அவரையும் விளைந்த செம்மண் மேடுகளே ஒரு காலத்தில் ஊரைச் சூழ்ந்திருந்தன. 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அதன் தொழிற்பேட்டை இங்கு அமைந்த பின், ஊரின் உருவம் மாறிற்று. வண்டிகளும் கைக்கடிகாரங்களும் எந்திர உறுப்புகளும் இங்கே உருவாயின. 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. கேழ்வரகுக் கொல்லைகள் வீட்டு மனைகளாயின. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவிலேயே இருத்தலின், சரக்குந்துகளின் வரிசை பகலும் இரவும் ஓய்வதில்லை.

தொழில் வளர்ந்ததால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன; அதனை மறுப்பார் யாருமிலர். எனினும், ஒவ்வொரு வளர்ச்சியும் ஒரு விலையைக் கேட்கின்றது. சாலைப் புழுதி சன்னலில் படிகின்றது. சரக்குந்தின் வெளிச்சம் நள்ளிரவில் படுக்கையறையில் பாய்கின்றது. தொழிற்கூடத்தின் தகரக் கூரை முற்றத்தில் நிற்பவர் கண்ணைக் கூச வைக்கின்றது. நெருங்கி எழுந்த மாடிகளுக்கிடையே ஒரு குடும்பம் தன் முற்றத்தில் மனம் விட்டுப் பேசவும் கூசுகின்றது. ஆதலின், மறைப்பு வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது. அதனைக் குறை கூறல் தகாது. எத்தகைய மறைப்பு என்பதே கேள்வி.

மதிலுக்குச் சில சிறப்புகள் உண்டு. அது விரைவில் எழும், நீர் கேளாது, திருடனைத் தடுக்கும். ஒலியைத் தடுப்பதிலும் ஒற்றை வரிசை மரத்தைவிடத் திண்ணிய சுவரே வல்லது. இவ்வுண்மைகளை மறைத்துவிட்டு மரத்தைப் புகழ்தல் முறையன்று. ஆனால், மதிலின் குறைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர், இரவெல்லாம் அவ்வெப்பத்தை உமிழ்கின்றது. அதன் மேல் மோதும் காற்று மேலே தாவி, அப்பாற் சென்று சுழன்று விழுகின்றது. உடன் வந்த புழுதியும் முற்றத்தில் விழுகின்றது. இலைகளுக்கிடையே சிறு வழிகளை உடைய மரவரிசையோ காற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை, தளர்த்தி அனுப்புகின்றது. தளர்ந்த காற்று தான் சுமந்து வந்த தூசியின் ஒரு பகுதியை இலைகளின் மீது இறக்கி வைக்கின்றது. அடுத்த மழை அதனைக் கழுவி மண்ணுக்கே தருகின்றது. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக்கும்போது சுற்றுப்புறம் குளிர்கின்றது. மதில் கட்டிய நாளிலிருந்து தேய்கின்றது. மரமோ நட்ட நாளிலிருந்து வளர்கின்றது. ஒன்றுக்கு நாம் ஆண்டுதோறும் சுண்ணம் பூச வேண்டும். மற்றொன்று ஆண்டுதோறும் தானே புதிய தளிரைப் பூண்டுகொள்கின்றது.

மரத்தையும் செடியையும் வேலியாக்குதல் நம்மவர்க்குப் புதியதன்று. 'உயிர்வேலி' என்னும் அழகிய சொல்லே அதற்குச் சான்று. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவையை நட்டு வளர்த்தனர். பிற ஊர்களில் கள்ளியும் நொச்சியும் ஆடாதோடையும் கொல்லைகளைக் காத்தன. பழந்தமிழ் வேந்தர் தமக்குரிய காவல் மரத்தை உயிரினும் மேலாகப் போற்றினர். அம்மரத்தைப் பகைவர் வெட்டினால் நாடே தோற்றதாகக் கருதினர். மதிலைக் காத்து நின்ற வீரர் நொச்சிப் பூவைச் சூடினர்; அதனால் மதில் காக்கும் போருக்கே நொச்சி என்று பெயர் வழங்கலாயிற்று. கல்லால் ஆகிய மதிலைக் காத்த வீரனும் தன் அடையாளமாக ஒரு வேலிச் செடியின் பூவையே தேர்ந்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது அன்றோ? நற்றிணையில் ஒரு பெண், புன்னை மரம் ஒன்றைத் தன் உடன்பிறந்தாள் என்று கருதி, அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச நாணுகின்றாள். மரம் வேலியாகவும் இருந்தது, உறவாகவும் இருந்தது.

மரவேலி நன்று என்று உடன்பட்டோர், 'விரைந்து வளரும் மரம் எது?' என்று கேட்கத் தொடங்குகின்றனர். அவ்வினாவிலேதான் இடர் பிறக்கின்றது. விரைவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அயல்நாட்டுச் செடிகளை நட்டதன் விளைவு யாது? அதனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளுக்குச் சென்றால் போதும்.

அங்கே புதர் புதராகப் படர்ந்து, சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறு பூக்களைத் தாங்கி நிற்கும் உண்ணிச்செடியைக் காணலாம். அதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பநாடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூவழகுக்காகவும் வேலிக்காகவும் ஆங்கிலேயர் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அடக்கமாக நிற்கட்டும் என்று நட்டவர் எண்ணினர். பறவைகளோ அதன் கனியைத் தின்று, விதையைக் காடெங்கும் தூவின. கால்நடைக்கு அதன் இலை நஞ்சு. ஆதலின் மேய்ந்து அதனைக் குறைப்பார் இல்லை. அதன் அடியில் புல் வளர்வதும் அரிது. இன்று நாட்டின் காடுகள் பலவற்றில் அது பரவிக் கிடக்கின்றது. 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஓசூர்க் காடுகளும் அதற்கு விலக்கல்ல. புல் குறைந்த காட்டில் மானுக்கு உணவு ஏது? யானைக்கு உணவு ஏது? அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் கேழ்வரகுக் கொல்லையில் இறங்குவதற்குக் காரணங்கள் பல. காட்டில் மேய்ச்சல் சுருங்கியது அவற்றுள் ஒன்று. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று நம் முன்னோர் உவமையாகக் கூறினர். இங்கே அது உவமையன்று, கண்கூடான உண்மை.

இந்தக் கேட்டிலிருந்தும் பயன் காண முயல்வோர் உளர். அண்டையிலுள்ள மாதேசுவர மலையில் சோலிகர் என்னும் பழங்குடியினர் உண்ணிச்செடியின் தண்டை வெட்டி, நாற்காலி முதலிய பொருள்களைச் செய்கின்றனர். நீலகிரியின் கூடலூர்ப் பகுதி மக்கள் அத்தண்டுகளால் முழு அளவு யானை உருவங்களை வனைந்தனர். அவை 2021ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் நிறுத்தப்பட்டுக் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. அவர்தம் கைத்திறன் போற்றத்தக்கது. ஆயினும், இரு நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தம் தோட்டத்து வேலிக்காகச் செய்த தேர்வின் சுமையை இன்றும் மலைவாழ் மக்கள் சுமக்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

வேலிக்கும் விறகுக்கும் உதவும் என்று வரவேற்கப்பட்ட சீமைக் கருவேலத்தின் கதையும் இத்தகையதே. தென்மாவட்டக் கண்மாய்களை அது அடைத்துக்கொண்டதை எல்லோரும் அறிவர். இவற்றால் நாம் பாடம் கற்றோமா என்றால், முழுதும் கற்றோம் என்று கூற இயலவில்லை. அண்மைக் காலத்தில் கோனோகார்பஸ் என்னும் அயல்நாட்டு மரம் பல நகரங்களில் பசுஞ்சுவர்போல் வரிசையாக நடப்பட்டது. அது விரைவில் வளர்ந்தது. எப்போதும் பசுமையாக நின்றது. நாற்றங்கால்களில் எளிதில் கிடைத்தது. ஆனால், அதன் வேர் நிலத்தடிக் குழாய்களைக் கெடுக்கின்றது என்றும், அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தரக்கூடும் என்றும் முறையீடுகள் எழுந்தன. 2023ஆம் ஆண்டில் குஜராத் அரசு அதனை நடுதலைத் தடை செய்தது. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. நட்டவர்கள் தீயோர் அல்லர். அவர்கள் வளர்ச்சியின் விரைவைக் கேட்டனர். வளர்ந்தபின் என் செய்யும் என்று கேட்க மறந்தனர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'அயல்நாட்டிலிருந்து வந்தவை எல்லாம் பகையோ? ஓசூருக்குப் புகழ் தேடித் தந்த ரோசா வகைகள் வெளியிலிருந்து வந்தவை அல்லவோ? சாலையோரப் புளிய மரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பர், மிளகாய் அமெரிக்காவினின்று வந்தது, அவற்றையும் விலக்குவதோ?' என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. வந்தது எங்கிருந்து என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. வந்த இடத்தில் அது எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே அளவுகோல். ரோசா பாத்தியை விட்டு வெளியே நடப்பதில்லை. மிளகாய் காட்டைப் பிடிப்பதில்லை. புளியோ பல நூற்றாண்டுகளாக நம்மோடு வாழ்ந்து, நம் அடுப்படியிலும் இடம் பெற்றுவிட்டது. புதிதாய் வரும் ஒரு மரம் அவ்வாறு அடங்கி வாழுமா, உண்ணிச்செடியைப்போல் மீறிப் படருமா என்பதை முன்னரே அறிதல் அரிது. அறிவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். மண்ணுக்குரிய மரத்திற்கோ பல்லாயிரம் ஆண்டுகளின் நற்சான்று உண்டு. அதன் இலையைத் தின்னும் புழுவும், பூவை நாடும் தேனீயும், கனியைக் கொத்தும் பறவையும் அதனுடன் கூடவே வாழ்ந்து வந்தவை. அவை அதனை அளவில் நிறுத்துகின்றன; அது அவற்றை வாழ்விக்கின்றது.

அங்ஙனமாயின், மறைப்பாகவும் அழகாகவும் நிற்கும் நம் மரம் யாது? நெட்டிலிங்கமே முதலில் நினைவிற்கு வருகின்றது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். நெடிதுயர்ந்து கூம்பு வடிவில் நிற்றலின் அப்பெயர் பெற்றது போலும். தோட்டங்களில் பெரிதும் காணப்படுவது, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கித் தண்டை ஒட்டிப் படிந்திருக்கும் வகை. ஓரம் அலைபோல் நெளிந்த நீண்ட இலைகள், ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோல் படிந்து, அடிமுதல் நுனிவரை மரத்தைப் போர்த்துகின்றன. ஆண்டு முழுவதும் இலை நீங்காது. தளிர் செம்பின் நிறம். முதிர்ந்த இலை அடர்ந்த பச்சை. இளவேனிலில் விண்மீன் வடிவில் வெளிறிய பசும்பூக்கள் பூக்கும். இலையின் நிறத்தோடு ஒத்திருத்தலின் பலர் அவற்றைக் கண்டதே இல்லை. பின்னர்க் கொத்தாகக் காய்த்துக் கருநிறமாகக் கனியும். அக்கனிகளைத் தேடிப் பகலில் குயில் வரும். இரவில் பழந்தின்னி வௌவால் வரும். கரிய சிறகில் பச்சைப் புள்ளிகள் இட்ட ஒருவகை வண்ணத்துப்பூச்சி இம்மரத்தின் இலையில் முட்டையிடுகின்றது. அதன் புழுவுக்கு இவ்விலையே உணவு. ஒரு வீட்டின் மறைப்பு, வேறொரு சிற்றுயிருக்குத் தொட்டிலாகின்றது.

இம்மரத்தை அசோகு என்று அழைப்போர் மிகப் பலர். அது பிழை. அசோகு வேறு, நெட்டிலிங்கம் வேறு. செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துகளை உடைய அசோகே பழந்தமிழ் நூல்களில் பிண்டி எனப்படுவது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களில் அதுவும் ஒன்று. அசோகின் பட்டை மருந்துக்கு உதவும். பெயர் மயக்கத்தைப் பயன்படுத்தி, மருந்துச் சரக்கில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பாரும் உளர். தன் வீட்டு வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரைச் சரியாக அறிந்திருத்தல் கற்றோர்க்குக் கடமையன்றோ? பெயர் தெரியாத மரத்தின் பயனும் நமக்குத் தெரியாது. அது வெட்டப்படும்போது அதன் இழப்பும் தெரியாது.

நெட்டிலிங்கம் ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. அது மறைக்கும், ஆனால் நிழல் தருவது குறைவு. ஓர் இனத்தையே வரிசையாக நட்டால், அவ்வினத்தைப் பற்றும் நோய் ஒன்று வந்தால் வரிசை முழுவதும் வீழும். ஆகவே, அதற்குத் துணை வேண்டும். இடம் சற்று மிகுதியாக உள்ளோர் மகிழ மரத்தைச் சேர்க்கலாம். அது மெல்ல வளரும். ஆனால் அடர்ந்து தழைக்கும். குறிஞ்சிப்பாட்டில் வகுளம் என்று குறிக்கப்படுவது இதுவே. இதன் சிறு பூ வாடிய பின்னும் மணம் நீங்காது. உதிர்ந்த பூவைப் பொறுக்கி மாலை தொடுக்கும் சிறுமியர்க்கு அம்மணம் முதுமைவரை நினைவில் நிற்கும்.

சாலையை நோக்கிய பக்கத்தில், அகன்ற இடம் இருப்பின், புங்கம் நடலாம். தமிழர் புங்கம் என்பதனைக் கன்னடர் ஹொங்கே என்பர். தெலுங்கர் கானுக என்பர். இம்மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில், ஒரு மரத்திற்கு மூன்று பெயர் இருப்பது வியப்பன்று. எல்லைக் கல்லின் இருபுறத்தும் அதன் நிழல் ஒரே குளிர்ச்சி உடையதாகவே இருக்கின்றது. கோடையின் தொடக்கத்தில், ஏனைய மரங்கள் வாடும்போது, புங்கம் புதுத்தளிர் பூண்டு ஒளிர்கின்றது. அதன் விதையின் எண்ணெய் அக்காலத்தில் விளக்கெரித்தது. தோல் பதனிடவும் சவர்க்காரம் செய்யவும் பயன்பட்டது. பிண்ணாக்கும் தழையும் வயலுக்கு உரம். அவரை இனத்தைச் சேர்ந்ததாகலின், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. இவ்வுயர்ந்த மரங்களின் அடியில் இடைவெளியை அடைக்க நொச்சி சாலச் சிறந்தது. கைப்பு மிகுந்த அதன் தழையை ஆடுமாடுகள் விரும்பா. தண்டை வெட்டி நட்டாலே துளிர்க்கும். நீலம் கலந்த அதன் பூவைத் தேனீ நாடும். தழையைப் புகைத்துக் கொசுவை ஓட்டுதலும், வெந்நீரிலிட்டு ஆவி பிடித்தலும் இன்றும் சிற்றூர்களில் உள்ள வழக்கம்.

இனி, நடும் முறையைச் சுருங்கக் காண்போம். நெட்டிலிங்க விதை நெடுநாள் உயிரோடு இராது. கனிந்து விழுந்தவுடன் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, காயவிடாமல் விதைத்தல் வேண்டும். பள்ளி வளாகத்திலோ கோயில் தோட்டத்திலோ ஒரு மரம் இருந்தால், அதன் அடியிலேயே ஆண்டுதோறும் நாற்றுக்குரிய விதை கிடைக்கும். பொருள் கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. முளைத்த கன்று பையில் ஓராண்டு வளரட்டும். பின்னர், மழைக்காலத்தில் நிலத்தில் நடலாம். ஓசூர்ப் பகுதியில் புரட்டாசி, ஐப்பசித் திங்களில் மழை மிகுதி. ஆதலின் அதற்குச் சற்று முன்னர் நடுதல் நன்று. இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, தோண்டிய செம்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்புக. கன்றுக்குக் கன்று ஐந்து அல்லது ஆறு அடி இடைவெளி வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் அவ்வளவேனும் தள்ளி நிற்க வேண்டும். மின்கம்பியின் கீழே எக்காரணத்தாலும் நடலாகாது. மகிழுக்கும் புங்கத்திற்கும் இதனினும் மிகுந்த இடம் தருக. முதல் இரண்டு கோடைகளில் தவறாது நீர் ஊற்றி, அடியில் சருகைப் பரப்பிவைத்தால், அதன்பின் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இம்முயற்சிக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் கேட்போம். 'சருகு விழுந்து குப்பையாகின்றது' என்பர் சிலர். சருகு குப்பையன்று, மரம் மண்ணிலிருந்து வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தும் முறை அது. ஒரு மூலையில் குழி எடுத்து அதில் இட்டால், அடுத்த ஆண்டிற்குரிய எரு ஆயத்தம். 'மரம் வளரும்வரை நாங்கள் காத்திருப்பதோ?' என்பர் வேறு சிலர். காத்திருக்கும் காலத்திற்குத் தட்டியோ கொடிப்பந்தலோ போதும். ஒரே ஆண்டில் நொச்சி ஆளுயரம் எட்டத் தொடங்கும். 'எங்கள் மனை மிகச் சிறிது' என்பது உண்மையான இடர்ப்பாடு. அத்தகையோர் ஒரு மகிழையும் ஒரு வரிசை நொச்சியையும் நட்டாலே போதும். அதற்கும் இடமில்லையெனில், தெருவார் ஒன்றுகூடித் தெருமுனையிலோ பூங்காவிலோ மாநகராட்சியின் இசைவுடன் நடலாம். 'கிளை அடுத்த வீட்டில் சாய்ந்தால் பூசல் வரும்' என்னும் அச்சமும் உண்டு. நடுவதற்கு முன்னரே அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கூறி, அவர் கருத்தையும் கேட்டால், பூசலுக்குரிய மரமே நட்புக்குரிய மரமாகும். மதில் எழுப்பும்போது எவரும் அண்டை வீட்டாரைக் கலந்து பேசுவதில்லை. மரம் நடும்போது பேச வேண்டியிருக்கின்றது. இதுவும் மரத்தின் நன்மைகளுள் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகின்றது.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பெருந்தொழில் தொடங்குவோர் தம் வளாகத்தில் குறிப்பிட்ட பரப்பைப் பசுமையாக வைத்தல் வேண்டும் என்பது அரசு விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று. அந்நிபந்தனையை நிறைவேற்றப் பச்சையாக ஏதேனும் நின்றால் போதும் என்று எண்ணாமல், புங்கமும் மகிழும் நெட்டிலிங்கமும் பல அடுக்காக நின்றால், புழுதியும் ஓசையும் ஊரை அடையுமுன் உண்மையாகவே தணியும். ஒற்றை வரிசையால் ஆகாத செயல், அகன்ற மரச்செறிவால் ஆகும். 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டிற்கு மரப்போர்வை காண வேண்டும் என்னும் குறிக்கோளை உடையது. அக்குறிக்கோள் காடுகளில் மட்டும் நிறைவேறுவதன்று. வீட்டு வேலிகளிலும் நிறைவேற வேண்டுவது.

இளையோரே! உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தொழிற்கூடங்களில் பணி புரிவீர்கள். சிலர் அவற்றை நடத்தவும் செய்வீர்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்கு உரியவர் ஆவீர்கள். அன்று உங்கள் எல்லையில் எதனை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டிவரும். இரு நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அழகு கருதி நட்ட செடி இன்று யானையின் மேய்ச்சல் நிலத்தை மூடிக் கிடக்கின்றது. நீங்கள் நடும் மரமும் உங்களுக்குப் பின் நெடுங்காலம் நிற்கும். அன்று அதனைக் காண்போர், நட்டவரை நொந்துகொள்ள வேண்டுமா, நன்றியோடு நினைக்க வேண்டுமா என்பது இன்று நீங்கள் கையில் எடுக்கும் கன்றைப் பொறுத்தது. உண்மையில், அதற்காக வீட்டுக்கு உரியவர் ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. வரும் மழைக்காலத்தில் நெட்டிலிங்கத்தின் அடியில் கனிந்து கிடக்கும் விதைகளில் ஒரு கைப்பிடியைப் பொறுக்கி வாருங்கள். அவை உலர்வதற்குள் விதையுங்கள்.